நாலாவது தகடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரைப் பார்த்தாலும் அஞ்சு நிமிஷத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவேன், அது அவர்களோடு ஒட்டிக்கொண்டுவிடும். எங்கள் ஆலையின் வாசல் காவலருக்கு 'எக்ஸ்ரே' என்று பேர் வைத்தது நான்தான். பைக்குள் அப்படித் துழாவுவார். பழைய சூப்பர்வைசர் 'பத்தேகால்', ஏனென்றால் பத்து மணிக் கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் அதற்கு முன்னால் வந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கே 'ஊசி' என்று பேர். தையல்காரர், பேச்சும் அப்படித்தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அதனால் இதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், அறிவுகெட்டவள்.

பவுடருக்குப் பவுடர் என்று பேர் வைத்ததும் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். முகம் பூரா மாவு பூசின மாதிரி வந்து உடை மாற்றும் அறை வாசலில் நின்றாள். எங்கள் வேலை நடப்பது சுத்த அறையில். அதோடு ஒப்பிட்டால் ஆபரேஷன் தியேட்டரே குப்பைமேடு. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரிதான் உள்ளே போக வேண்டும்.

"ஏம்மா, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கே? போய் மூஞ்சியக் கழுவிட்டு வா!" என்று கத்தினேன்.

"தெரியாதுக்கா, சாரிக்கா" என்று ஓடினாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண் சிவந்து வந்தாள். "வந்துட்டாடா பவுடர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் கிடையாது. சென்ட் கிடையாது, தலைக்கு எண்ணெய்கூட லீவு நாளில்தான். பேர் மட்டும் நின்றுவிட்டது.

மூச்சுக்கு முந்நூறு அக்கா போடுவாள். "அக்கா, தகடு ரெடிக்கா. மூணு தடவை பாத்துட்டேன்க்கா."

"ஒரு பேச்சுக்கு ஒரு அக்கா போதும்டி, மிச்சத்த நாளைக்கு வச்சுக்கோ."

"சரிக்கா" என்பாள்.

நாங்கள் செய்வது, விண்வெளிக்குப் போகப்போகிற ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கியின் லென்ஸ். வெளியே சொல்லும்போது லென்ஸ் என்கிறோமே தவிர, மூக்குக்கண்ணாடி லென்ஸ் எல்லாம் எக்ஸ்ரே கதிரிடம் பலிக்காது. நேராகப் போய் மோதினால் அது துளைத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் உள்ளேயே மடிந்துபோகும். மேலோட்டமாக உரசிக்கொண்டு வந்தால்தான் வழுக்கித் திரும்பும். தட்டைக் கல்லைச் சாய்த்து வீசினால் குளத்தின் மேல் தத்தித் தத்திப் போகுமே, அந்தக் கதைதான். முன்பெல்லாம் இதற்குக் கனத்த கண்ணாடிக் குழாய்களைக் கடைந்தார்கள். அந்த எடையை மேலே தூக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்களுடையது புது வழி. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற அதே சிலிக்கான் தகடு. ஒரு பக்கம் முகம் பார்க்கலாம், மறுபக்கம் மெல்லிய வரப்புகள். முப்பத்தைந்து தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரப்புகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் கிடைக்கும். எக்ஸ்ரே அந்தச் சந்துக்குள் நுழைந்து சுவரை உரசி, இம்மியளவு திரும்பும். உள்ளங்கையில் அடங்குகிற அப்படிப்பட்ட அடுக்குகள் பல நூறு சேர்ந்தால் ஒரு லென்ஸ். எல்லாம் சேர்ந்து கதிரை ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இதில் பசை கிடையாது. சுத்தமான இரண்டு சிலிக்கான் முகங்களை ஒன்றாக வைத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு துகள் மாட்டினால் அந்த இடம் ஒட்டாமல் புடைக்கும். அதோடு போனாலும் பரவாயில்லை. அதன்மேல் வைக்கிற தகடும் அதே இடத்தில் புடைக்கும், அதற்கு மேலே இருப்பதும் புடைக்கும், முப்பத்தைந்தாவது வரைக்கும் அந்த வடு ஏறும். நடுவில் ஒன்றை உருவி மாற்ற முடியாது. மொத்த அடுக்கும் குப்பைக்குத்தான்.

மேஜைக்கு இரண்டு பேர். பவுடர் தகட்டைக் கழுவி, விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டுவாள். நான் அடுக்குவேன். ஆறு வருஷமாக வெள்ளோட்டம்தான். இந்த வருஷம்தான் உண்மையாகவே மேலே போகிற முதல் அடுக்கு வந்தது. அதோடு போகிற தாளில் இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கும். பவுடர் அதைத் தன் வீட்டில் யாரிடம் சொல்லாமல் விட்டாள்? மாமனார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லோருக்கும் தெரியும். "தாளு கீழதான் இருக்கும்க்கா, ஆனா என் கை பட்டது மேல இருக்கும்ல" என்பாள்.

ஒரு விதி உண்டு. மேலே போகிற அடுக்கில் யாரால் அழுக்கு ஏறியது என்று முடிவாகிறதோ, அவர் அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. கையில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சொல்லிவிட வேண்டும், ஆறும்வரை இரண்டு வாரம் வெளியே இருக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்பிரிட்டில் கை கழுவிக் கழுவி எனக்கு இடது கட்டைவிரல் வெடித்திருந்தது. முதல் அடுக்கு தொடங்க நாலு நாள் இருந்தது. சொன்னால் அடுத்த ஷிப்டுக்காரி உட்கார்ந்து முதல் தகட்டை வைப்பாள். விட்டுக்கொடுப்பேனா நான்? சொல்லவில்லை.

கை கழுவும் இடத்தில் பவுடர் பார்த்துவிட்டாள். மறுநாள் ஒரு வெள்ளைக் களிம்பு டியூப் கொண்டுவந்தாள். "எங்க மாமனாருக்கு வாங்கறதுக்கா. நல்லாக் கேக்கும். ராத்திரி படுக்கப்போறப்ப மட்டும் போடுங்கக்கா, காலையில நல்லாக் கழுவிடுங்க. இங்க வந்து போட்டுராதீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியாடி?" என்று வாங்கிக்கொண்டேன்.

அடுக்குகிற அன்று மத்தியானம் எரிச்சலில் உயிர் போயிற்று. அந்தக் களிம்பில் கடுகத்தனை எடுத்துத் தடவிக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கையுறை மாட்டும்போது அதன் வெளிப்பக்கத்தை விரலால் தொடக் கூடாது, மணிக்கட்டு மடிப்பை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும். வெடித்த விரலால் மடிப்பைப் பிடிக்க முடியவில்லை. வலது கை உறையின் விரல் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன். தப்பு என்று அந்த நொடியே தெரியும். கழற்றிப் போட்டுவிட்டு வேறு உறை மாட்டியிருக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய ஆட்கள் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் முதல் நாளே தடுமாற வேண்டாம் என்று அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தேன். நாலாவது தகடு ஓரத்தில் கொஞ்சம் சிக்கியது. மூலையை விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினேன். சரியாகப் போய் உட்கார்ந்தது.

மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே சோதனை. திரையில் புள்ளி விழ வேண்டிய இடத்தில் வால் முளைத்த ஒரு கறை விழுந்தது. அடுக்கைப் பிளந்து பார்த்தார்கள். நாலாவது தகடு, வலது மூலை. சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: ஜிங்க், கொழுப்பு.

புது சூப்பர்வைசர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இன்னும் நான் பேர் வைக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தத் தகடு ரெண்டே பேர் கையிலதான் இருந்திருக்கு. நீங்க இருபது வருஷ அனுபவம். உங்களச் சந்தேகப்படல" என்றார். "முகத்துக்குப் போடற பவுடர்லயும் ஜிங்க் இருக்குமாம். ஆமா, அவங்கள ஏன் எல்லாரும் பவுடர்னு கூப்பிடறாங்க?"

அந்த டியூபின் பின்னால் முதல் வரியிலேயே ஜிங்க் என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டு வருவாங்க சார். அதான்" என்றேன்.

வருவாங்க. வந்தாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் வந்தாங்க, ஆறு வருஷம் முன்னாடி வந்தாங்க, அப்புறம் வரவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வருவாங்க என்றால் நேற்றும் வந்தாள், நாளைக்கும் வருவாள் என்றுதானே கேட்கிறவன் காதில் விழும்? நான் பொய் சொல்லவில்லை என்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பழக்கத்தைச் சொல்லும்போதுகூட 'வருவாங்க' என்போமே, அப்படித்தான் சொன்னேன் என்றேன். ஒருநாள் நடந்ததைப் பழக்கம் என்று எந்த மடையன் சொல்வான்? எனக்கே எடுபடவில்லை.

ரிப்போர்ட்டின் ஒரு நகல் எனக்கும் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. மெக்னீசியம்: இல்லை. முகப் பவுடரில் பெரும்பங்கு டால்க், டால்க் என்றால் மெக்னீசியம் இல்லாமல் இருக்காது. சுத்த அறைக்காரிக்கு இது பாலபாடம். பேர் கையில் கிடைத்த பிறகு யார் பக்கத்தைத் திருப்புவார்கள்? நான் திருப்பினேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் பவுடரின் அறைப் பாஸை வாங்கிக்கொண்டு, பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். முடிவு அடுத்த வாரக் கூட்டத்தில் என்றார்கள். சாயங்காலம் உடை மாற்றும் அறை வாசலில் எனக்காக நின்றிருந்தாள், ஆறு வருஷம் முன்பு நின்ற அதே இடத்தில்.

"அக்கா, நான் போடறதில்லன்னு உங்களுக்குத் தெரியும்லக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா."

"பாக்கலாம்மா. மேல பேசணும்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்று போகிற வழியிலேயே டியூபைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அப்புறம் எதுவும் ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. மேஜையில் பவுடர் இடத்தில் உட்கார்ந்த புதுப் பெண் தகட்டை நீட்டும்போதெல்லாம் குனிந்தபடியே வாங்கிக்கொண்டேன். கேன்டீனில் யாரோ "பவுடர் பூசிட்டா பவுடர்" என்று ஜோக் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் ஜோக்குதானே, வட்டி போட்டுத் திரும்பி வந்தது. அவனை அறைய வேண்டும் போல இருந்தது, அறைய வேண்டியது யாரை என்றும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஊசி மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கை இப்படி வெடிச்சுக் கிடக்கே, அந்த டியூப் எங்க?"

"தீந்துபோச்சு."

"போன வாரம் பாத்தேன், முக்கால்வாசி இருந்துச்சே. தோசைக்கு ஊத்தினியா?"

அவ்வளவுதான். பாத்திரத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்தப் பொண்ணு உனக்கு மருந்து வாங்கிக் குடுத்தா. நீ அவளுக்கு என்ன குடுத்தே? ஒரு பேரு." அப்புறம் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்படியும் உடனே போனேனா? இல்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. கூட்டம் நடக்கிற நாள் காலையில், ஒன்பதாவது நாள், கேன்டீன் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்ததை எழுத வேண்டும். முதல் வரி எழுதினேன்: 'பவுடர் மீது எந்தத் தவறும் இல்லை.'

எழுதிவிட்டுப் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது. அவளைக் காப்பாற்ற எழுதுகிற தாளிலும் அதே பேர்! கிழித்துப் போட்டுவிட்டு அவளுடைய உண்மையான பேரை எழுதப்போனால் இனிஷியல் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் ஒரே மேஜை. வாசலுக்குப் போய்க் காவலர் எக்ஸ்ரேயிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

சூப்பர்வைசர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து, ரிப்போர்ட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். மெக்னீசியம் வரியில் விரலை வைத்தார். அவர் காது சிவந்தது.

"இதை நானும் பாத்திருக்கணும்" என்றார். "ஆனா நான் கேட்டப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வந்தாங்கன்னு சொல்லியிருக்கணும் சார். வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆறு வருஷம் சார்."

என் பாஸை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பேக்கிங் பிரிவில் பவுடர், இல்லை, அவள், தன் சாப்பாட்டுப் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், பிடிக்க இடமில்லாமல் போயிற்று.

"மன்னிச்சுடும்மா. நான்தான்."

"தெரியும். ரிப்போர்ட் வந்த அன்னிக்கே தெரியும்" என்றாள். "நான் வாங்கிக் குடுத்த மருந்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா யாரு நம்புவா? பவுடர் தப்பிக்கறதுக்கு அடுத்தவங்க மேல பழி போடறான்னுதான் பேசுவாங்க." குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அதோட, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு சொல்லுவீங்க, நாளைக்கு சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஒம்பது நாளு."

"சொல்லிட்டேன்ல?" என்றேன், ஈனமாக.

"சொன்னீங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் உறைத்தது. இத்தனை பேச்சில் ஒரு அக்கா இல்லை.

இப்போது நான் பேக்கிங்கில் இருக்கிறேன். கூட்டம் முடிந்த சாயங்காலமே எனக்குப் பேர் வந்துவிட்டது: களிம்பு. யார் வைத்தார்கள் என்று தெரியாது. நல்ல பேர், நானாக இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன். களிம்பு, பெட்டி ரெடியா? களிம்பு, டேப் எங்கே? ஏன் என்று கேட்காமல் திரும்பிப் பார்க்கிறேன். அவளைப் பவுடர் என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்குப் போகிறேன். அப்படியும் பாதிப் பேர் வாயில் அதுதான் இருக்கிறது. நான் ஒட்டினது அவ்வளவு சுலபத்தில் உரியாது போல.

நாலு மாதம் கழித்து முதல் அடுக்கு மறுபடி தயாரானது. இந்தத் தடவை அவள்தான் அடுக்கினாள். சோதனையில் புள்ளி புள்ளியாகவே விழுந்ததாம், குண்டூசி முனை மாதிரி. பேக்கிங்குக்கு அவளே கொண்டுவந்தாள். பெட்டியோடு இருந்த தாளில் அவள் பேர் இனிஷியலோடு முதலில் இருந்தது. அதன் கீழே என் பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புதுப் பெண்ணின் பேர்.

"புள்ளி நல்லா விழுந்துச்சாமே" என்றேன். அவள் முழுப்பேரையும் சொல்லித்தான் பேசினேன். வாய்க்கு இன்னும் புதுசாக இருந்தது.

"ஆமா." பெட்டியை நீட்டினாள். என் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்தாள். அது எப்போதோ ஆறிவிட்டது. "ரெண்டு கையாலயும் பிடிங்க மேடம்."

மேடம். மூச்சுக்கு முந்நூறு அக்கா போட்ட வாய். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள் என்று கேலி செய்தேனே, அந்த மிச்சத்தில் ஒன்று விழாதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.